குளம்பும் தீயும்: அவுஸ்திரேலியப் பனிமலைகளின் வரலாறு



அவுஸ்திரேலியா என்றவுடன் செம்மண் பாலைவனமும், தாவியோடும் கங்காருவும், கண்ணுக்கெட்டிய தூரம் பரந்து கிடக்கும் ஆட்டுப் பண்ணைகளுமே நம் மனக்கண்முன் தோன்றுவது வழக்கம். அந்த வறண்ட கண்டத்திலே பனி மூடும் மலைகள் உண்டென்பதும், அம்மலைகளின் உச்சியிலே கால் புதையும் ஈரநிலங்கள் உண்டென்பதும் நம்மிற் பலர் அறியாத செய்தி. கண்டத்தின் தென்கிழக்கு மூலையில், கன்பரா நகரின் அயலிலிருந்து தென்மேற்காக விக்டோரியா மாநிலத்தினுள் நீண்டு செல்லும் மலைத்தொடரை அவுஸ்திரேலிய அல்ப்ஸ் என்பர். அதன் மிகவுயர்ந்த சிகரம் கொசியஸ்கோ. உயரம் 2,228 மீற்றர். 1840-ஆம் ஆண்டில் அதன்மேல் ஏறிய ஸ்ட்ரெலெக்கி என்னும் போலந்து நாட்டுப் பயணி, தம் தாய்நாட்டின் விடுதலைக்குப் போராடிய வீரர் ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினார்.

உலகின் பெருமலைகளோடு ஒப்பிடுமிடத்து இவை குன்றுகளே. ஆயினும் மரே, மரம்பிட்ஜி, ஸ்னோவி என்னும் மூன்று ஆறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. அந்நாட்டின் தென்கிழக்குப் பகுதியிற் கோதுமையும் நெல்லும் திராட்சையும் விளைவதற்கு இம்மலைநீர் பெருந்துணை. இம்மலைகளை எவ்வாறு காப்பது என்ற வினா அந்நாட்டு மக்களை எண்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்த வழக்கில் ஒரு பக்கத்தில் நிற்பது குதிரை. மறுபக்கத்தில் நிற்பது பாசி. ஊரெல்லாம் விரும்பும் ஒரு விலங்குக்கும், ஊரார் குனிந்து பார்த்திராத ஒரு பூண்டுக்கும் இடையே நடந்த அந்த வழக்கின் வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

முதலிற் பாசியை அறிந்து கொள்வோம். ஸ்பாக்னம் எனப்படும் இப்பாசி, மலைச்சரிவின் ஊற்றுக்கண்களிலும் ஓடைகளின் தலைப்பிலும் மெத்தை விரித்தாற்போலப் படர்ந்து வளரும். தன் உலர்ந்த எடையைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு நீரை அது தன்னுள் ஏந்தி வைத்திருக்கும். மேற்பரப்பிலே பசுமையாக வளர்ந்துகொண்டு, அடியிலே மடிந்து, முற்றாக மக்காமற் கரிய படையாகத் தங்கிவிடுவது அதன் இயல்பு. ஒரு முழ ஆழமான கரியபடை உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும். கடைசிப் பனியூழி கழிந்தபின், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இவ்வாறு உண்டானவையே இம்மலைகளின் பாசி நிலங்கள். பனி உருகும் வசந்த காலத்தில் அவை நீரை உறிஞ்சிக் கொள்கின்றன. மழையற்ற கோடையில் அதனைச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. மலையுச்சியில் இயற்கை கட்டி வைத்த குளங்கள் என்றே அவற்றைச் சொல்லலாம். குளத்துக்குக் கரை எப்படியோ, இந்நிலத்துக்குப் பாசியின் மேற்றோல் அப்படி. அது கிழிந்தால் நீர் நில்லாது.

இம்மேற்றோல் மென்மையானது. அது மென்மையாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவுஸ்திரேலியாவிற் குளம்புள்ள விலங்கு எதுவும் இயற்கையில் இருந்ததில்லை. கங்காருவும் வல்லபியும் வொம்பற்றும் மெத்தென்ற பாதமுடையவை. குதிரையும் மாடும் ஆடும் பன்றியும் மானும் கப்பலேறி வந்தவை. 1788-ஆம் ஆண்டில் ஆங்கிலேயரின் முதற் கப்பற்றொகுதி சிட்னித் துறைமுகத்தை அடைந்தபோது, அதனுடன் முதற் குதிரைகளும் கரையிறங்கின. அதற்கு முன்னர், இம்மலைகளின் மண்ணைக் குளம்பு மிதித்ததேயில்லை.

மனிதர் மிதித்ததுண்டு. ஆதிக்குடிகள் பல்லாயிரம் ஆண்டுகளாக இம்மலைகளை அறிந்திருந்தனர். கோடை தோறும் சமவெளிகளிலிருந்து நூற்றுக்கணக்கான மைல் பறந்து வரும் பொகொங் என்னும் அந்துப்பூச்சிகள், சிகரங்களின் பாறையிடுக்குகளில் ஓடு வேய்ந்தாற்போல அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டு உறங்கும். கொழுப்பு நிறைந்த அப்பூச்சிகளைச் சேர்த்து, வாட்டி உண்பதற்காகப் பல குலத்தவரும் மலையிற் கூடுவர். திருமணமும் வழக்குத் தீர்ப்பும் விழாவும் அக்கூட்டங்களில் நிகழும். விக்டோரியாவின் குகையொன்றிற் கிடைத்த அரைகல்லில் இப்பூச்சியின் எச்சங்கள் ஒட்டியிருந்ததையும், அவை ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையுடையவை என்பதையும் 2020-இல் வெளியான ஆய்வொன்று அறிவித்தது. வந்தவர் உண்டனர், கூடினர், இறங்கினர். பாசி நிலம் பாசி நிலமாகவே இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெள்ளைக் குடியேறிகளின் மந்தைகள் மலையேறின. சமவெளியில் வறட்சி வந்தபோதெல்லாம், மேலே பச்சைப் புல் உண்டு என்ற செய்தி பரவியது. நியூ சவுத் வேல்ஸ் பக்கத்திற் பெரும்பாலும் ஆடுகளும், விக்டோரியா பக்கத்தில் மாடுகளும் கோடை தோறும் ஓட்டிச் செல்லப்பட்டன. 1890-களின் நடுப்பகுதியிற் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த கொடிய வறட்சியிலே எண்ணிலடங்கா மந்தைகள் மலையை மொய்த்தன. கோடை முடிந்து இறங்கும்போது, மேய்ப்பர்கள் பின்னால் உலர்ந்து நிற்கும் புல்லுக்கும் புதருக்கும் தீ வைத்துவிட்டு வருவர். அடுத்த ஆண்டு இளந்தளிர் கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. தீக்குத் தப்பிய பழைய மரங்களின் ஆண்டு வளையங்களிற் பதிந்திருக்கும் தீவடுக்களை எண்ணிப் பார்த்த ஆய்வாளர், குடியேற்றத்தின் பின்னரே உயர்மலைகளில் தீ அடிக்கடி பரவத் தொடங்கியது என்று கண்டனர்.

இம்மேய்ப்பர்களைத் தீயவர் என்று கூறிவிடுதல் நியாயமன்று. பனிப்புயலிலும் கடுங்குளிரிலும் மந்தையைக் காத்த உழைப்பாளிகள் அவர்கள். மலையின் ஒவ்வொரு கணவாயும் அவர்களுக்குத் தெரியும். குளம்பு மண்ணை இறுக்கி உறுதியாக்குகிறது, மேய்ச்சல் புதரைக் குறைக்கிறது, புதர் குறைந்தாற் பெருந்தீ வராது என்று அவர்கள் மெய்யாகவே நம்பினர். தந்தையிடமிருந்து மகன் பெற்ற அனுபவ அறிவு அது. அந்நம்பிக்கை சரியா, தவறா என்பதைச் சோதித்துப் பார்த்தவர் எவருமிலர் என்பதே குறை.

சோதித்தே ஆகவேண்டிய காலம் தீயின் வடிவில் வந்தது. 1939-ஆம் ஆண்டு சனவரி மாதம் 13-ஆம் நாள் வெள்ளிக்கிழமை. விக்டோரியா மாநிலத்தின் காடுகளில் ஆங்காங்கே எரிந்துகொண்டிருந்த தீக்கள் கடும் வெப்பக்காற்றில் ஒன்றோடொன்று கலந்தன. அவ்வாண்டுத் தீயில் 71 பேர் மாண்டனர். ஏறத்தாழ 20 இலட்சம் ஹெக்டேயர் நிலம் எரிந்தது. அந்நாட்டவர் அதனைக் கருப்பு வெள்ளி என்று இன்றும் நினைவு கூர்வர். விசாரணைக்கு அமர்த்தப்பட்ட நீதிபதி லெனாட் ஸ்ட்ரெட்டன், அத்தீக்களிற் பெரும்பாலானவை மனிதரால் மூட்டப்பட்டவை என்று அஞ்சாது எழுதினார். எரிந்த மலைகளிலிருந்து மழை மண்ணை அள்ளிச் சென்றது. மரே ஆற்றின் குறுக்கே பெருஞ்செலவிற் கட்டப்பட்ட ஹியூம் நீர்த்தேக்கம் சேற்றால் தூர்ந்துவிடுமோ என்ற அச்சம் அரசினரைப் பற்றிக்கொண்டது.

இந்த அச்சத்தின் விளைவாக, 1941-ஆம் ஆண்டில் மண்காப்புச் சபையினர் தாவரவியல் கற்ற இளம்பெண் ஒருவரை மலைநாட்டுக்கு அனுப்பினர். மெய்சி போசெற் என்பது அவர் பெயர். ஆய்வுக்கென ஒரு பெண் குதிரையேறித் தனியே மலைமேய்ச்சல் நிலங்களைச் சுற்றி வருவது அக்காலத்தில் எவரும் கண்டிராத காட்சி. போசெற் அம்மையார் மேய்ப்பர்களோடு பழகினார். அவர்கள் மதிப்பையும் பெற்றார். ஆயினும் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதிக் கொள்ளவில்லை. பொகொங் உயர்சமவெளியில், 1945-இலும் 1946-இலும், மேய்ச்சல் நிலத்தின் இரண்டு பகுதிகளைத் தெரிந்தெடுத்து, மாடு நுழையாதபடி வேலி அடைக்கச் செய்தார். வேலிக்கு வெளியே மாடுகள் வழக்கம்போல மேய்ந்தன. வேலியின் இருபுறத்தும் எந்தெந்தப் பூண்டு எவ்வளவு உள்ளது, வெற்று மண் எவ்வளவு தெரிகிறது என்பதை ஆண்டுதோறும் அங்குலக் கணக்கில் அளந்து குறித்தார்.

எளிய வேலையென்று தோன்றும். ஆனால் மலைநாட்டு வரலாற்றில் அதனினும் பெரிய செயல் எதுவும் நடந்ததாகச் சொல்வதற்கில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல விடை தானே வெளிப்பட்டது. வேலிக்குள்ளே மாடு விரும்பித் தின்னும் மலர்ப்பூண்டுகள் மீண்டும் தலையெடுத்தன. வெற்று மண் மூடிற்று. வேலிக்கு வெளியே மண் திறந்தே கிடந்தது. குளம்பு நிலத்தை உறுதியாக்கவில்லை என்பதற்கு இனி எவர் வாய்ச்சொல்லும் தேவைப்படவில்லை. வேலியருகே நின்று இருபுறமும் பார்த்தாற் போதும். அம்மையாரும் அவருடைய ஆசிரியர் பேராசிரியர் ரேணரும் இம்முடிவுகளை 1959-இல் விரிவாக வெளியிட்டனர். அந்த நிலங்களை அளக்கும் பணியை மெல்பேண் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தனர்.

மலையின் வடபாகமாகிய நியூ சவுத் வேல்சிலும் இதேகாலத்தில் மாற்றம் தொடங்கியது. 1944-இல் முதலமைச்சர் வில்லியம் மக்கெல் கொசியஸ்கோவைச் சூழ்ந்த பெருநிலத்தைப் பூங்காவாக அறிவிக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். 1949-இல் ஸ்னோவி மலை நீர்மின் திட்டம் தொடங்கப்பட்டபோது, மலையின் தலையிலிருந்து வரும் சேறு அணைகளுக்குப் பகையென்பதை எல்லோரும் உணர்ந்தனர். அலெக் கொஸ்டின் என்னும் ஆய்வாளர் அம்மலைகளின் மண்ணையும் தாவரத்தையும் நடந்து நடந்து ஆராய்ந்து, ஆடும் தீயும் சேர்ந்து பாசி நிலங்களை எவ்வாறு வற்றச் செய்தன என்பதை 1954-இல் நூலாக்கினார். 1957-இல் அவுஸ்திரேலிய விஞ்ஞானக் கழகம் உயர்மலை நீரேந்து பகுதிகளின் நிலைபற்றி அறிக்கை வெளியிட்டு மேய்ச்சலை நிறுத்துமாறு வற்புறுத்தியது. 1958-இல் உயர்நிலங்களில் மேய்ச்சல் தடுக்கப்பட்டது. 1960-களின் இறுதியில் பூங்கா முழுவதிலும் அது முடிவுக்கு வந்தது. மண் முற்றாகக் கழுவுண்டு கற்குவியலாய்க் கிடந்த சிகரச்சரிவுகளிலே, வைக்கோல் பரப்பி, கம்பிவலை விரித்து, புல் விதைத்து, மண்காப்புப் பணியாளர் ஆண்டுக்கணக்காக உழைத்தனர். ஆடு சில கோடைகளிற் கெடுத்ததை மனிதர் பல பத்தாண்டுகள் முயன்று ஓரளவே திருத்த முடிந்தது.

குளம்பையும் தீயையும் இரு வேறு பகைகளென்று நாம் எண்ணிவிடலாகாது. அவை ஒன்றுக்கொன்று வழிவிடும் பகைகள். பாசி நிலத்தின் குறுக்கே விலங்குகள் நாள்தோறும் ஒரே தடத்தில் நடந்தால், அத்தடம் முதலிற் சிறு பள்ளமாகும். பின்னர் நீர் அதனூடே ஓடத் தொடங்கும். ஓடும் நீர் பள்ளத்தை ஆழமாக்கும். ஆழ்ந்த பள்ளம் சுற்றிலுமுள்ள பாசியின் நீரை வடித்துவிடும். நனைந்த பாசியிற் தீ எளிதிற் பற்றாது. காடு எரிகின்றபோது அதுவே தீக்குத் தடையாக நின்று உயிர்களுக்குப் புகலிடம் தரும். வடிந்து உலர்ந்த பாசியோ, அடியிலுள்ள கரிய படையோடு சேர்ந்து எரிந்து போகும். ஆயிரம் ஆண்டுச் சேமிப்பு அவ்வாறு சில நாட்களிற் சாம்பலாகிவிடும்.

2003-ஆம் ஆண்டு சனவரியில் அதுவே நிகழ்ந்தது. நீண்ட வறட்சியின் பின் மின்னல்கள் மலையெங்கும் தீ மூட்டின. விக்டோரியாவில் மட்டும் 10 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் எரிந்தது. அத்தீ கன்பரா நகரினுட் புகுந்து நால்வர் உயிரையும் நூற்றுக்கணக்கான வீடுகளையும் கொண்டு சென்றது. மலையுச்சியின் பாசி நிலங்கள் பலவும் கருகின. தீ அணைந்ததும் பூங்காப் பணியாளரும் ஆய்வாளரும் மேலே சென்று செய்த வேலை கேட்போரை வியக்க வைக்கும். வைக்கோற் கட்டுகளையும், நம் நாட்டவர் நன்கறிந்த தென்னந்தும்பினால் திரித்த உருளைகளையும் நீரோடும் பள்ளங்களிற் குறுக்கே இட்டு, நீரைத் தடுத்துப் பரவச் செய்தனர். வெயிலிற் கருகாதபடி எஞ்சிய பாசிக்கு மேலே நிழற்றுணி கட்டினர். நோயாளிக்குப் பணிவிடை செய்வதுபோல நிலத்துக்குப் பணிவிடை செய்தனர். பல இடங்களிற் பாசி மீண்டும் துளிர்த்தது.

அந்தத் தீயே பழைய வாதமொன்றுக்கும் விடை தந்தது. மாடு மேய்ந்தாற் தீ குறையும் என்று மேய்ப்பர் கூறி வந்தனரல்லவா? பொகொங் உயர்சமவெளியில் மேய்ந்த இடங்களையும் மேயாத இடங்களையும் தீயின் பின் அளந்து ஒப்பிட்டனர். எது எரிந்தது, எது தப்பியது என்பதற்கும் மேய்ச்சலுக்கும் தொடர்பில்லை என்று 2006-இல் முடிவு வெளியாயிற்று. புல்வெளி எரிவது குறைவு, புதர்நிலம் எரிவது மிகுதி. மாடு மேய்வதோ பெரும்பாலும் புல்லையே. 2005-இல் விக்டோரியா அரசு தன் அல்ப்ஸ் தேசிய பூங்காவில் மாட்டு மேய்ச்சல் உரிமங்களை முடித்தது. பின்வந்த அரசொன்று 2011-இற் சோதனை என்ற பெயரில் மாடுகளை மீண்டும் அனுப்பியது. மத்திய அரசு அதனைத் தடுத்தது. 2015-இல் மாநிலச் சட்டமே அதனை விலக்கியது.

ஆடும் மாடும் சொந்தக்காரருடையவை. உரிமத்தை நிறுத்தினால் அவை இறங்கிவிடும். கட்டாக்காலிகளுக்கோ உரிமமும் இல்லை, உரியவரும் இல்லை. பண்ணைகளிலிருந்து தப்பியும், கைவிடப்பட்டும் காட்டிற் பெருகிய குதிரைகளை அந்நாட்டவர் பிரம்பி என்பர். இக்குதிரைகள் அம்மக்களின் நெஞ்சில் இடம் பெற்றவை. பாஞ்சோ பற்றர்சன் என்னும் கவிஞர் 1890-இல் எழுதிய ஸ்னோவி ஆற்று வீரனைப் பற்றிய கதைப்பாடலை அறியாத அவுஸ்திரேலியர் அரியர். எலின் மிச்செல் 1958-இல் எழுதிய வெள்ளிக் குதிரைக் கதையைப் படித்து வளர்ந்த சிறுவர் பலர். 2000-ஆம் ஆண்டில் சிட்னி ஒலிம்பிக் விளையாட்டு விழாவைத் தொடக்கி வைத்ததும் குதிரை வீரரின் அணியே. இவ்வளவு அன்புக்குரிய விலங்கைக் குறைக்க வேண்டுமென்று சொல்வது எளிதன்று.

அதே 2000-ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில், நியூ சவுத் வேல்சின் வேறொரு தேசிய பூங்காவில், மூன்று நாட்களில் 606 குதிரைகள் வானூர்தியிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டன. நாடெங்கும் கொதிப்பு எழுந்தது. அம்முறை கைவிடப்பட்டது. கண்ணி வைத்துப் பிடித்து, விரும்புவோருக்கு வளர்க்கக் கொடுக்கும் முறையே எஞ்சியது. பிடிப்பதிலும் பிறப்பது மிகுந்ததால் தொகை ஏறிக்கொண்டே சென்றது. 2016-இற் குதிரைத் தொகையை 20 ஆண்டுகளில் 600 ஆகக் குறைக்கும் திட்டமொன்று வரையப்பட்டது. அது நிறைவேறவில்லை. அதற்கு மாறாக, 2018-இல் குதிரைகளை மரபுச்செல்வம் என ஏற்றுக் காக்கும் சட்டம் நிறைவேற்றப்பட்டது. அதே ஆண்டில் அதே மாநிலத்தின் அறிஞர் குழு, கட்டாக்காலிக் குதிரைகள் வாழிடங்களை அழிக்கும் பெருங்கேடு என்று அறிவித்தது. ஒரே ஆண்டில் ஒரே நாட்டின் இரண்டு குரல்கள்! 2022-இன் இறுதியில் எடுத்த கணக்கின்படி, ஏறத்தாழ 6,900 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள கொசியஸ்கோ பூங்காவில் 18,800 குதிரைகள் வரை இருந்தன.

குதிரையோடு வேறு கட்டாக்காலிகளும் உண்டு. அவற்றுள் ஒன்று நமக்கு உறவானது. நமது ஹோட்டன் சமவெளியில் மாலை வேளைகளிற் கூட்டமாக மேயும் மரையைக் கண்டவர் பலர் இருப்பீர்கள். 1860-களில், பிறநாட்டு விலங்குகளைக் கொண்டுவந்து நாட்டை அழகு செய்யலாம் என்று விக்டோரியாவில் இயங்கிய சங்கத்தவர் எண்ணினர். அக்காலத்தில் இலங்கை, இந்தியா முதலிய நாடுகளிலிருந்து அங்கு சென்ற மரைகளின் வழித்தோன்றல்கள் இன்று அம்மலைகளிற் பெருகித் திரிகின்றன. பாசி நிலத்தின் சேற்றிற் புரள்வது அவற்றுக்குப் பெருவிருப்பம். இங்கே சிறுத்தைக்கு இரையாகி, மலையின் ஒழுங்கிற் பங்காளியாக வாழும் அதே விலங்கு, வேட்டையாடும் பெருவிலங்கில்லாத அந்நிலத்தில் அழிவு செய்வதாயிற்று. குற்றம் மரையினதன்று. குதிரையினதும் அன்று. அவற்றை அங்கே கொண்டு சென்று விட்டவர் மனிதரே. ஆகவே பொறுப்பும் மனிதருக்கே உரியது.

இனி, பாசியை நம்பி வாழும் சிற்றுயிர்களைக் காண்போம். மஞ்சளும் கருப்புமாகக் கோடிட்ட கொறோபொரித் தவளை பெருவிரல் நீளமே உள்ளது. கோடையிற் பாசிக்குள் முட்டையிட்டு, மழைநீர் நிறையும்வரை காத்திருக்கும் இயல்பினது. தோலைத் தாக்கும் பூஞ்சண நோய் அதனைக் கிட்டத்தட்ட இல்லாமற் செய்துவிட்டது. இப்போது விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்த்து, நோய் புகாத அடைப்புகளில் மலைக்குத் திருப்பி அனுப்புகின்றனர். அதற்கு ஈரநிலமும் இல்லையென்றால் திரும்பிச் செல்ல வீடே இராது. ரன்ரங்காரா ஓடையின் தலைப்பில், ஓர் அருவிக்கு மேலே மட்டும் வாழும் சிறு மீனினம் ஒன்றுண்டு. 2014-இலேதான் அது தனியினமென அறியப்பட்டது. அதன் உலகம் முழுவதும் சில கிலோமீற்றர் நீர்தான். அதன் கரைகளையும் குளம்புகள் மிதித்தன.

மலைக் குறும்பொசம் என்னும் விலங்கின் கதை இன்னும் விந்தையானது. 1895-இற் குகையொன்றிற் கிடைத்த எலும்புத் துண்டுகளைக் கொண்டு, அழிந்தொழிந்த இனமென்று அதற்குப் பெயரிட்டனர். 1966-இல் ஹொதம் மலையிலுள்ள பனிச்சறுக்குக் குடிலொன்றினுள் அது உயிரோடு காணப்பட்டது! ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் இப்பையுடை விலங்கு, பனியின் கீழே பல மாதங்கள் உறங்கி, வசந்தத்தில் எழுந்து, முன்னர் நாம் கண்ட பொகொங் அந்துப்பூச்சியை உண்டு உடல் தேற்றும். 2017-இன் பின் சமவெளியில் நேர்ந்த கடும் வறட்சியால் அப்பூச்சிகளின் வரவு பெரிதும் குன்றியது. குறும்பொசங்கள் பசியால் வாடின.

அந்நிலையிலேதான் 2019-2020 கோடையின் பெருந்தீ வந்தது. கொசியஸ்கோ பூங்காவில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதி எரிந்தது. பொன் தேடி வந்தோர் 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எழுப்பிய கியன்ட்ரா ஊரின் எஞ்சிய பழங்கட்டடங்களும் எரிந்தன. தவளை அடைப்புகள் சிலவும் தீக்குள்ளாயின. சாம்பல் கலந்த மழைநீர் ஓடையை நஞ்சாக்குமுன், சிறு மீன்களிற் சிலவற்றைப் பிடித்து வேறிடத்திற் காத்தனர். குறும்பொசங்களுக்கென்று தனியாகச் செய்த சிற்றுணவுகளைப் பாறைக்குவியல்களிடையே வைத்து, நீரும் வைத்தனர். எரியாமல் எஞ்சிய பசுமை சிறிதே. குதிரையும் மானும் பன்றியும் அதனையே நாடின. தீயிலிருந்து தப்பிய நிலம் குளம்பிலிருந்தும் தப்பவேண்டியதாயிற்று.

2021-இல் வகுக்கப்பட்ட திட்டம், 2027-ஆம் ஆண்டின் நடுப்பகுதிக்குள் பூங்காவின் குதிரைத் தொகையை 3,000 ஆகக் குறைத்து, பூங்காவின் மூன்றிலொரு பாகத்தில் மட்டும் அவற்றை விட்டுவைப்பதென்று விதித்தது. 2023 ஒக்டோபரில், 23 ஆண்டுகளுக்கு முன் கைவிடப்பட்ட வானூர்தி வேட்டைமுறைக்கு அரசு மீண்டும் அனுமதி தந்தது. 2024-இன் இறுதியில் எடுத்த கணக்கு, தொகை பெரிதும் குறைந்திருந்ததைக் காட்டியது. இதனைக் கேட்டு மகிழ்ந்தவரும் உண்டு, கண்ணீர் விட்டவரும் உண்டு. அக்கண்ணீரை இகழ்தல் தகாது. ஒரு குதிரையின் சாவு எவருக்கும் இனிய காட்சியன்று. அதனைக் கொல்வோர்க்கும் அது சுமையே. ஆயினும், குதிரையினம் உலகெங்கும் வாழ்கின்றது. கொறோபொரித் தவளைக்கும் அச்சிறு மீனுக்கும் வேறு மலையில்லை. வெப்பம் ஏறி, பனி குறைந்து, தீ அடிக்கடி வரும் காலமிது. அக்காலத்திலே நீரேந்தி நிற்கும் ஒவ்வொரு பாசி நிலமும் காடு முழுவதற்கும் காப்பாகும்.

இவ்வரலாற்றில் நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. தீமை செய்யும் நோக்கத்தோடு அம்மலைக்கு எவரும் செல்லவில்லை. மேய்ப்பன் மந்தைக்குப் புல் தேடிச் சென்றான். சங்கத்தவர் நாட்டை அழகு செய்ய மரையை வரவழைத்தனர். குதிரையைக் காக்கச் சட்டம் செய்தவரும் முன்னோர் நினைவைப் போற்றவே எண்ணினர். அவரவர் அன்பு வைத்த பொருளை அவரவர் கண்டனர். காலடியிலிருந்த பாசியைக் காண, ஒருவர் குதிரையிலிருந்து இறங்கி, குனிந்து, அங்குலக் கணக்கில் அளக்க வேண்டியிருந்தது. அவ்வாறு அளந்ததை ஓராண்டோடு விடாமல், தலைமுறை கடந்தும் தொடர வேண்டியிருந்தது.

போசெற் அம்மையார் 1988-இல் மறைந்தார். அவர் அடைத்த வேலிக்கு வெளியேயும் இன்று மேய்ப்பரின் மாடுகள் இல்லை. உள்ளும் புறமும் ஒன்றாகவேண்டுமென்றே அவர் அந்த வேலியை அடைத்தார் எனலாம். கிழிந்த பாசி தைக்கப்படுவதற்கு மனித ஆயுள் போதாது. கிழியாமற் காப்பதற்கோ ஒரு கோடையின் கவனமே போதும்.